ஆட்டிச ஆய்வுக்குப் பணம் கேட்கும் முன்

மதுரையில் ஆட்டிசம் பற்றி முனைவர் பட்டம் செய்ய வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, பணத்துக்கு என்ன வழி?" என்றுதான். இரண்டு பணம் வேண்டும். நீங்கள் சாப்பிட ஒன்று, ஆய்வு நடக்க ஒன்று.

முதலாவதுக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்குவதுதான் நேர்வழி. 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலை ஆய்வு உதவித்தொகைக்கு மாறிய பிறகு 42,000. பெண்களுக்கு வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு உண்டு. சமூக அறிவியல் பக்கம் இருப்பவர்கள் ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு) உதவித்தொகைக்கும் போடலாம். எது கிடைத்தாலும் மாதம் பிறந்ததும் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். நான்கு மாதச் செலவுக்குக் கையில் இருக்கட்டும்.

இரண்டாவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். என் முதல் விண்ணப்பத்தில் "பயணம்: 5,000" என்று ஒரே வரி போட்டிருந்தேன். திரும்பி வந்துவிட்டது. ஏன் என்று எனக்குப் புரிய வைத்தது உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர். பூ எடுக்கப் போகிறவர். ஆய்வுக்காகப் பையனோடு காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் அன்றைய கூலி போச்சு. பையனுக்கு ஆறு வயது. பஸ்ஸின் ஏர்ஹாரன் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு அலறியதில், செக்கானூரணியில் இறங்கி, அவன் அடங்கும்வரை புளியமரத்தடியில் நின்று, அடுத்த பஸ் பிடித்து ஆரப்பாளையம் வந்தார்.

ஆட்டிசத்தை மதிப்பிடும் ஐஎஸ்ஏஏ என்ற இந்திய அளவுகோலில் 40 கூறுகள். பெற்றோரிடம் கேட்கவும் வேண்டும், பிள்ளையைக் கவனிக்கவும் வேண்டும். அப்படி வந்து சேர்ந்த பிள்ளையிடம் அன்றைக்கு நான் பார்த்தது பஸ்ஸின் பாதிப்பை. அவனை அல்ல. அடுத்த விண்ணப்பத்தில் நான் அவர்கள் வீட்டுக்குப் போகும் செலவையும், அம்மாவின் ஒருநாள் கூலியையும் தனித்தனி வரியாகப் போட்டு, காரணமாக இதையே எழுதினேன். பணம் வந்தது.

கூலியை ஈடு செய்வது சரிதான், ஆனால் ஆசை காட்டுவதாக ஆகிவிடக் கூடாது. அதனால் தொகையை, ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவுக்கு முன்கூட்டியே காட்டுங்கள். குழு கூட மாதக்கணக்கில் ஆகலாம், நிதி அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வெளிநாட்டு நிதியும் உண்டு. அமெரிக்காவின் ஆர்கனைசேஷன் ஃபார் ஆட்டிசம் ரிசர்ச், பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நேரடியாக உதவும் ஆய்வுகளுக்கு மாணவர்களுக்கென்றே சிறு நிதி தருகிறது. இம்மாதிரி எதற்குப் போடும் முன்னும், வெளிநாட்டுப் பணத்தை வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இருக்கிறதா என்று பல்கலைக்கழக நிதிப்பிரிவில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ரசீது. மெஷினில் அடித்துத் தரும் பஸ் டிக்கெட்டில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, தேதியும் ஊரும் எழுதி ஒட்டி வையுங்கள். கணக்கு ஒப்படைக்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.