டிஎன்ஏ கிட்ல எச்சி துப்புறதுக்கு முன்னாடி, துப்பினதுக்கு அப்புறம்

தேங்க்ஸ்கிவிங் சேல்ல விலை குறையுதுன்னு அமெரிக்கால இருக்கற நம்மாளுங்க நிறைய பேர், எச்சிய அனுப்பினா பூர்வீகம் என்ன, சொந்தக்காரங்க யாருன்னு சொல்ற இந்த டிஎன்ஏ கிட் வாங்குறாங்க, நானும் வாங்கினேன், துப்புறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் தண்ணி கூட குடிக்கக் கூடாதுன்னு போட்டிருந்தான், டியூப்ல அந்தக் கோடு வரைக்கும் ரொப்புறதுக்குள்ள வாய் காஞ்சு போச்சு. ரிசல்ட் வந்தப்புறம்தான் உறைச்சுது, துப்பினது நான் ஒருத்தன், ஆனா கூடவே போனது சித்தப்பா, அத்தை, அவங்க பசங்க எல்லாரும்தான், யாரையும் ஒரு வார்த்தை கேக்கல.

அதனால முதல் வேலை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல சொல்றது. சண்டை வரும், வரட்டும். ஏன்னா கலிஃபோர்னியால 13 கொலை பண்ணின கோல்டன் ஸ்டேட் கில்லர், ஜோசஃப் டிஏஞ்சலோ, முன்னாள் போலீஸ்காரர் வேற, 2018 ஏப்ரல்ல மாட்டினது அவர் துப்பினதால இல்ல. பழைய கேஸ் சாம்பிள்ல இருந்து எடுத்த டிஎன்ஏவ, ஜனங்க தங்க டிஎன்ஏ டேட்டாவ ஏத்தி சொந்தக்காரங்கள தேடற ஜெட்மேட்ச் சைட்ல போலீஸ் ஏத்தி, மேட்ச் ஆன தூரத்து சொந்தக்காரங்கள வெச்சு குடும்ப மரம் போட்டு இறங்கி வந்தாங்க, கடைசில அவர் கார் கதவு, குப்பைல கிடந்த டிஷ்யூ பேப்பர்னு எடுத்து உறுதி பண்ணாங்க. அவர் மாட்டினதுல எனக்கு சந்தோஷம்தான். ஆனா அந்த தூரத்து சொந்தக்காரங்க தாத்தா பாட்டி யாருன்னு தேடத்தான் சைட்டுக்கு வந்தாங்க, கேஸ்ல சேர சம்மதிக்கல.

ரெண்டாவது, ரா டேட்டாவ, அதாவது கிட் கம்பெனி குடுக்கற உங்க டிஎன்ஏ ஃபைல, டவுன்லோட் பண்ணி இன்னொரு சைட்ல ஏத்தப் போறீங்கன்னா அங்க நிதானமா இருங்க, சிக்கல் பெரும்பாலும் அங்கதான். ஜெட்மேட்ச்ல பிரைவேட், ரிசர்ச், பப்ளிக்னு இருக்கும், பப்ளிக்லயே போலீஸ் கேஸுக்கு ஆப்ட்-இன் (சம்மதம்), ஆப்ட்-அவுட் (வேணாம்) தனித்தனி. இந்தப் பிரிப்பே ஒரு ரகளைக்கு அப்புறம் வந்ததுதான்: கொலை, ரேப் கேஸுக்கு மட்டும்னு சொல்லிட்டு, யூட்டால சர்ச்ல ஆர்கன் வாசிச்சிட்டிருந்த ஒரு வயசான அம்மாவ தாக்கின கேஸுக்கும் திறந்து விட்டாங்க, ஜனங்க கத்தினதும் 2019 மே மாசம் எல்லாரையும் ஆப்ட்-அவுட்டுக்கு மாத்தினாங்க. ஆனா ஆப்ட்-அவுட்ல இருந்தாலும் அடையாளம் தெரியாத பிணங்களோட ஒப்பிடுவாங்க, அதுவும் வேணாம்னா பிரைவேட்தான். 2020 ஜூலைல யாரோ ஹேக் பண்ணி கொஞ்ச நேரம் எல்லா கிட்டும் போலீசுக்கு தெரியற மாதிரி ஆச்சு, அதனால செட்டிங்க வெறும் தாழ்ப்பாள்னு நினைங்க, பூட்டுன்னு நம்பாதீங்க. ஃபேமிலிட்ரீடிஎன்ஏங்கற இன்னொரு டிஎன்ஏ சைட்லயும் பிரைவசி பக்கத்துல போலீஸ் மேட்சிங்குக்கு தனி பட்டன் இருக்கு, போய் பாத்துடுங்க.

நம்ம ஊர் விஷயம் ஒண்ணு. தலைமுறை தலைமுறையா அத்தை பையன் மாமா பொண்ணுன்னு உள்ளுக்குள்ளயே கட்டிக்கிட்ட குடும்பங்கள்ல பொதுவான டிஎன்ஏ அதிகமா இருக்கும், நெஜத்துல மூணு விட்ட சொந்தத்த சைட் ரெண்டு விட்டதுன்னு காட்டிடும். அந்தக் கணக்க அப்படியே நம்பி ஒருத்தர் மரம் போட்டா தப்பான வீட்டு வாசல்லதான் நிப்பாரு.

இதெல்லாம் படிச்சுட்டு ஆப்ட்-இன் குடுத்தாலும் தப்பில்ல. அமெரிக்கால ஐடாஹோ ஃபால்ஸ்ங்கற ஊர்ல 1996ல நடந்த கொலைக்கு 20 வருஷம் உள்ள இருந்த ஒருத்தர் நிரபராதின்னு 2019ல ஆனது இதே வழியிலதான். நான் குடுக்கல, எங்க சித்தப்பா வேணாம்னுட்டாரு.

ஏற்கனவே துப்பியாச்சுன்னா: டிஎன்ஏ கிட் விக்கற 23அண்ட்மீ கம்பெனில 2023ல கிட்டத்தட்ட 69 லட்சம் பேர் விவரம் வெளிய போச்சு, 2025 மார்ச்ல கம்பெனி திவால் மனு போடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரலே டேட்டாவ அழிக்கலாம்னு ஞாபகப்படுத்தினாரு. செட்டிங்ஸ்ல கடைசி வரைக்கும் இறங்கி அழிக்கற ஆப்ஷனுக்கு போங்க, முதல்ல உங்களுக்கு ஒரு காப்பி எடுத்துக்கோங்க, எச்சி சாம்பிள வெச்சுக்கச் சொல்லியிருந்தா அதையும் தூக்கிப் போடச் சொல்லுங்க. ஏற்கனவே முடிஞ்ச ரிசர்ச்ல சேந்தது திரும்ப வராது. அப்புறம் கன்ஃபர்ம் பண்ணச் சொல்லி ஒரு மெயில் வரும், அதுல இருக்கற பட்டன அமுக்கற வரைக்கும் எதுவும் அழியாது, ஸ்பேம்லயும் தேடிப் பாருங்க.