கீமோ மறதியில் துப்பை ஒளிக்காதீர்கள்

புற்றுநோயிலிருந்து மீண்ட நாலைந்து பேர், அவர்களுக்குள் ஒரு நட்பு, நடுவில் ஒரு கொலை. ரத்தம் தெறிக்காமல், போலீஸ்காரர் அல்லாத ஒருவர் துப்புத் துலக்கும் 'கோஸி மிஸ்டரி' வகைக்கு இது நல்ல களம். ஆனால் புதிதாக எழுத வருகிறவர்களின் கைப்பிரதிகள் அதே சில இடங்களில்தான் வழுக்கி விழுகின்றன. இந்த வகையில் கை வைத்த பழைய ஆட்களும் முதலில் விழுந்த இடங்கள்தான். எழுத்துப்பிழை, பெயர் மாறிப்போவது போன்றவற்றை எடிட்டர் பார்த்துக்கொள்வார். அவரால் சரிசெய்ய முடியாதவை மட்டும் இங்கே.

வழுக்கைத் தலை

எல்லாக் கீமோ மருந்தும் முடியைக் கொட்ட வைக்காது. கொட்டினாலும் மறுநாளே அல்ல, இரண்டு மூன்று வாரம் ஆகும்.

நோயைத் திருப்பமாக்குவது

"அவளுக்குப் புற்றுநோயே இல்லை, நடித்தாள்" என்பது வேண்டாம். கடைசி அத்தியாயத்தில் நோய் திரும்பி ஒரு தோழி சாவதும் வேண்டாம்.

கீமோ மறதியில் துப்பை ஒளிப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் குறையாத தவறு இது. துப்பறியும் பெண் 4-ஆம் அத்தியாயத்தில் இறந்தவரின் வாசலில் ஒருவரைப் பார்க்கிறாள். ஆசிரியர் அதை வாசகரிடம் சொல்வதில்லை. 27-ஆம் அத்தியாயத்தில், "சட்டென்று மூளையில் இருந்த மூட்டம் விலகியது. அன்று சாவியோடு நின்றது அவர்தான்!" காரணம் கேட்டால், கீமோவால் வந்த மறதியாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பந்தி முடியும்போது தோண்டி எடுத்துக் காட்டுகிற வேலை.

ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில் ஒன்று, துப்பறிபவர் கண்ட தடயம் உடனே வாசகர் பார்வைக்கும் வர வேண்டும் என்கிறது. அந்த விதியை மீறியது பாதிக் குற்றம்தான். மீதிப் பாதி மருத்துவம். 'கீமோ பிரெய்ன்' எனப்படும் இந்தக் கீமோ மறதி, சினிமா மறதி அல்ல. நடந்த சம்பவம் அடியோடு அழிந்து, பிறகு ஒரு நாள் மின்னல்போல் திரும்பி வராது. சொல்ல வந்த சொல் நாக்கு நுனியில் நின்றுவிடும். புதிதாகக் கேட்ட பெயர் தங்காது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஓடாது. பத்து நிமிட வேலை அரை மணி நேரம் இழுக்கும். இதையெல்லாம் சமாளிக்க, கீமோ எடுத்தவர்களில் பலர் எதையும் குறித்துவைக்கப் பழகிவிடுவார்கள். சொல்லப்போனால் மற்றவர்களைவிட நல்ல சாட்சிகள்!

முடிச்சு முழுவதும் இந்த மூட்டத்தின் மேல் தொங்குவதால், அதை உருவினால் நடுவிலுள்ள இருபது அத்தியாயங்களும் சரியும். கடைசி வரைவில் ஒட்டுப்போட முடியாது. ஆகவே முதல் வரைவிலேயே இப்படிச் செய்யுங்கள்.

வாசல் காட்சியை முழுதாக எழுதுங்கள்: ஆள், சாவி, வெளிச்சம், எந்தக் கை. பிறகு ஒன்றை மட்டும் பிசகவிடுங்கள். நாளாக இருந்தால் நல்லது. அவள் நோட்டில் 'செவ்வாய்' என்று எழுதுகிறாள். ஆனால் அந்தக் காட்சியிலேயே, பெட் ஸ்கேனுக்காகக் காலையிலிருந்து சாப்பிடாமல் இருப்பதாக ஒரு வரி வந்துவிட்டது (உடம்பில் புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் இந்த ஸ்கேனுக்கு முன் சுமார் ஆறு மணி நேரம் வெறும் வயிறு). ஸ்கேன் வியாழக்கிழமை என்பது 2-ஆம் அத்தியாயத்தில் பேச்சுவாக்கில் வந்திருக்கும். கவனமுள்ள வாசகர் அங்கேயே பிடித்துவிடலாம். ஸ்கேனுக்கு வண்டி ஓட்டி அழைத்துப்போன தோழிக்கு நாள் தெரியும், ஆனால் அவள் வாசலைப் பார்க்கவில்லை. கூட வந்த மூன்றாமவர் குரலை மட்டும் கேட்டவர். மூன்று பேரின் அரைகுறை நினைவும் ஒரே மேஜையில் சேர்ந்தால்தான் முழு உண்மை வரும். நட்பு கதையை நகர்த்துவது இப்படித்தான். கட்டிப்பிடித்து அழும் காட்சிகள் பத்து வைத்தாலும் இந்த வேலையைச் செய்யாது.

ஒரு தாளில் நெடுக்காக மூன்று பத்தி போடுங்கள்: துப்பு, வாசகர் அதைப் பார்க்கும் அத்தியாயம், துப்பறிபவருக்கு அது உறைக்கும் அத்தியாயம். முக்கியத் துப்புக்குக் கடைசி இரண்டு பத்தியிலும் ஒரே எண் வந்தால் அது ஏமாற்று. 70,000 சொல், 30 அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால், பிணம் 4-க்குள் விழ வேண்டும், கடைசித் துப்பு 22-ஐத் தாண்டக்கூடாது.

உடம்பை வெறும் பலவீனமாகப் பார்ப்பது

சோர்வு, வாந்தி, சோர்வு என்றே பக்கங்கள் போகின்றன. சிகிச்சை ஒவ்வொரு உடம்பிலும் தனித்தனியாக எழுதிவிட்டுப் போவதைத்தான் துப்பாக்க வேண்டும்.

பேக்ளிடாக்செல் என்ற கீமோ மருந்து போட்டவருக்கு விரல் நுனி மரத்துப்போகலாம், மாதக்கணக்கில் நீடிக்கவும் செய்யும். சின்னப் பொத்தானைக் கழற்றி மாட்டியது அவராக இருக்குமா? ஆக்சாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த இரும்பைத் தொட்டாலே ஊசி குத்தும். கேப்சிட்டபைன் என்ற கீமோ மாத்திரையால் சிலருக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து ரேகை தேய்ந்துவிடும். அப்படி ரேகை பதியாமல் ஒரு பயணி விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டதை 2009-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவுசெய்தது. ரேகை இல்லாத கண்ணாடி டம்ளரைப் பார்த்ததும் 'கையுறை போட்டவன்' என்று முடிவுகட்டும் இன்ஸ்பெக்டருக்கு இது போதும்.

எல்லாவற்றிலும் வளமானது குரல்வளையை முழுதாக அகற்றியவரின் பாத்திரம். அவர் மூச்சு கழுத்திலுள்ள துளை வழியாகப் போகிறது. முகத்தில் தலையணையை அழுத்தினால் மூச்சு முட்டாது. அப்படி முயன்று தோற்றவர், அவரை அறியாத வெளியாள். குழுவிலுள்ள அத்தனை பேரும் சந்தேகத்திலிருந்து ஒரே வீச்சில் விலகுகிறார்கள். மூக்கு வழியே காற்று போகாததால் அவருக்கு வாசனையும் பெரும்பாலும் தெரியாது. கேஸ் கசிவை அவர் கண்டுபிடிப்பதாக எழுதிவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: கடைசியில் நீண்ட விளக்கம் தேவைப்படும் கருவியும் கேள்விப்படாத விஷமும் நாக்ஸின் இன்னொரு விதிப்படி விலக்கு. மருத்துவ விவரத்தை முன்கூட்டியே இரண்டு வரி அரட்டையில் போட்டுவிடுங்கள். முடியாவிட்டால் அந்தத் துப்பையே தூக்கிவிடுங்கள்.

எல்லோரும் தங்கம்

தங்கமான நண்பர்கள் ஐந்து பேர் என்றால் சந்தேகிக்க ஆளில்லை. "உனக்கு முதல் ஸ்டேஜ்தானே" என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்னது மூன்று வருடம் உறுத்தும். தன் ரிப்போர்ட் சுத்தமாக வந்ததை, வராதவளிடம் சொல்லக் கூசி ஒருத்தி மறைப்பாள். ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கும் வாரத்தில் ஒருவர் போனை எடுக்கமாட்டார், பொய் சொல்வார், பணத்தை எங்கோ மாற்றிவைப்பார். குற்றவாளியின் நடத்தைக்கும் இதற்கும் வெளியே வித்தியாசம் தெரியாது. வாசகரைத் திசைதிருப்ப இதைவிட நேர்மையான வழி கிடைக்காது. கதையின் மூன்றில் இரண்டு பங்கு வரைக்கும் ஒரு நண்பராவது சந்தேக வளையத்துக்குள் இருக்கட்டும்.

'போராளி' வசனம்

"நீ ஒரு போராளி" என்று நோயாளியைப் புகழும் வசனம் குழுவுக்குள் வேண்டாம். புதிதாக வந்த பாத்திரம் வேண்டுமானால் பேசட்டும், அவர் வெளியாள் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.