பெயரை நீங்கள் சொல்லாதீர்கள்: ஓ.பி. பதிவு மேசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி. பதிவு மேசைக்குப் புதியவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். கணினி தெரிந்தவர்கள், தட்டச்சில் எங்களைவிட வேகமானவர்கள், மரியாதையாகப் பேசுகிறவர்கள். ஆனால் முதல் சில வாரங்களில் அவர்கள் சறுக்கும் இடங்கள் மட்டும் மாறவில்லை. நாங்கள் வந்த புதிதில் சறுக்கிய அதே இடங்கள்தான். பக்கத்தில் நின்று பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நேரத்துக்கு வர வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது, கைப்பேசியை எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை சொல்லாமலே தெரிந்தவை.

## "வரிசையில் வாருங்கள்"

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை, புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி. இந்த இரண்டு நாட்களில் கூட்டம் வாசல் வரை நிற்கும். புதியவர் நம்பிப் பிடித்துக்கொள்வது வரிசையைத்தான். நியாயமானதே. ஆனால் வரிசையில் நிற்க வைக்கக் கூடாதவர்கள் சிலர் உண்டு. அவர்கள் யாரும் தங்கள் ஆபத்தைப் பெயர் சொல்லி அறிவித்துக்கொண்டு வருவதில்லை. "வாயுப் பிடிப்பு, நெஞ்சை அடைக்கிறது" என்பார் ஐம்பது வயதுக்காரர். சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். "ஏதோ கடித்த மாதிரி இருந்தது" என்பார் கட்டட வேலைக்காரர், கணுக்கால் வீங்கியிருக்கும். "தலைவலி, கண் கொஞ்சம் மங்குகிறது" என்பார் எட்டு மாதக் கர்ப்பிணி. வாய் கோணி, பேச்சு குழறும் முதியவரை மகன் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். தோளில் துவண்டு கிடக்கும் குழந்தையைத் தூங்குகிறது என்றே தாய் நினைத்துக்கொண்டிருப்பார்.

நோயைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல. சீட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் சிஸ்டரைக் கூப்பிடுவதுதான் உங்கள் வேலை. பதிவைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "இவரை உடனே பார்க்க வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரும்பாலானவர்கள் வழிவிட்டுவிடுவார்கள்.

நாய்க்கடியோடு வருபவரையும் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லிக் குழாயைக் காட்டுங்கள். வெறிநாய்க்கடிக்கான தடுப்பு அங்கிருந்தே தொடங்குகிறது. அடுத்த ஊசிகளுக்குச் சீட்டில் "3, 7, 28" என்று மட்டும் எழுதித் தருவதையும் விட்டுவிடுங்கள். 28 என்பதை மாதத்தின் 28ஆம் தேதி என்று எடுத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் ஊசி போட்ட நாள் பூஜ்ஜியம். திங்கட்கிழமை தொடங்கினால் அடுத்தது வியாழன், அதன்பின் மறு திங்கள், கடைசி ஊசி முதல் ஊசி போட்டு நான்கு வாரம் முடிந்து வரும் திங்கள். தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதுங்கள்.

## பெயரை நீங்களே சொல்லிக் கேட்பது

இந்த ஒன்றைப் பற்றி மட்டும் நீளமாகவே எழுதுகிறேன். எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் அடுத்து வருகிறவர் இதையே செய்கிறார். எனக்கு இன்றுவரை எரிச்சல் தீரவில்லை.

ஒரு பெண்மணி வந்து மேசை முன் நிற்கிறார். திரையில் பெயர்ப் பட்டியல். புதியவர் நிமிர்ந்து, "ராஜேஸ்வரியா?" என்கிறார். வந்தவர் தலையாட்டுகிறார். சீட்டு அச்சாகி வெளியே வருகிறது. பார்ப்பதற்குச் சுறுசுறுப்பான வேலை. இதைவிட ஆபத்தான வேலை அந்த மேசையில் வேறு கிடையாது.

தலையாட்டியவர் ராஜேஸ்வரியாகவே இல்லாமல் இருக்கலாம். காது மந்தமானவர்கள், காய்ச்சலில் கிறங்கி நிற்பவர்கள், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரை மறுத்துப் பேசக் கூசுகிறவர்கள் எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்பார்கள். அவர் ராஜேஸ்வரியே ஆனாலும், நீங்கள் திரையில் தொட்ட ராஜேஸ்வரி அவர்தானா என்பது வேறு கேள்வி.

எங்கள் நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளின் நோட்டுகளை நிலையத்திலேயே அடுக்கி வைத்திருப்போம். இரண்டு ராஜேஸ்வரிகள். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது, இருவருக்கும் ஆங்கிலத்தில் எஸ் இனிஷியல். ஒருவருக்குச் சர்க்கரை, மற்றவருக்கு இரத்த அழுத்தம் மட்டும். புதிதாக வந்திருந்த பெண் மேற்சொன்னபடி கேட்டு, தலையாட்டலை வாங்கிக்கொண்டு, சர்க்கரைக்காரரின் நோட்டை அழுத்தக்காரரிடம் கொடுத்துவிட்டார். மருத்துவர் முன்னால் நீண்ட வரிசை. நோட்டில் இருந்த மாத்திரைகளையே தொடரும்படி எழுதினார். மருந்தகச் சன்னலில் மாத்திரை அட்டைகளைக் கையில் வாங்கிப் பார்த்த அந்த அம்மா, "எனக்கு எப்போதும் ஒரு வகைதானே கொடுப்பீர்கள்? இதென்ன மூன்று இருக்கிறது?" என்று கேட்டார். மருந்தாளுநர் நோட்டைத் திருப்பி முகவரியைக் கேட்டார். அது வேறு தெரு.

அந்த அட்டைகளில் ஒன்று கிளிமிபிரைடு. சர்க்கரை நோய் இல்லாத ஒருவர் அதை விழுங்கினால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். தனியாகத் தூங்குகிற முதிய பெண் இரவில் அப்படி விழுந்தால் யார் பார்ப்பது? அவருக்கு வழக்கமான மாத்திரை நினைவில் இருந்ததால் தப்பினோம். பதிவு மேசையில் நடந்த பிழையை நோயாளியே பிடிக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் என்னால் இன்னும் சீரணிக்க முடியவில்லை. அன்று ஆய்வகத்துக்குப் போன பரிசோதனை மாதிரியும் தவறான எண்ணில் ஏறியிருந்தது. அதைத் தேடித் திருத்துவதற்குள் மதியம் ஆகிவிட்டது.

நம் ஊரில் இந்தப் பிழை நேர வாய்ப்பு அதிகம். காரணங்களைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். சுப்பையாவின் மகள், செல்வராஜின் மனைவி, சண்முகத்தின் மகள் மூவரும் தமிழில் சு., செ., ச. என்று பிரிந்து நிற்பார்கள். கணினியில் ஆங்கிலத்தில் ஏற்றும்போது மூவருக்கும் ஒரே எஸ். திருமணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பிறகு கணவருடையது, ஆதாரில் பழையது, ரேஷன் அட்டையில் புதியது. ராஜேஸ்வரியை ஆங்கிலத்தில் எச் சேர்த்தும் எழுதுவார்கள், சேர்க்காமலும் எழுதுவார்கள். ஓர் எழுத்து மாறினால் தேடலில் அகப்பட மாட்டார், அவருக்குப் பதில் இன்னொருவர் முதல் வரிசையில் வந்து நிற்பார். பிறந்த தேதியை நம்பலாமா என்றால், சரியான தேதி தெரியாத முதியவர்கள் பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்றே இருக்கிறது. கைப்பேசி எண்ணோ மகனுடையது; மாமியார், மருமகள், பேத்தி மூவருக்கும் அதே எண்.

ஆகவே செய்ய வேண்டியது இது. பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். அவர் வாயால் வரட்டும். "உங்கள் பெயர் சொல்லுங்கள் அம்மா." அடுத்து, "கணவர் பெயர்?" அல்லது "அப்பா பெயர்?" இனிஷியல் போதாது, முழுப் பெயர் வேண்டும். மூன்றாவதாகத் தெரு. அவர் சொல்லச் சொல்ல நீங்கள் திரையில் ஒப்பிடுங்கள். "மேலத் தெருதானே?" என்று எடுத்துக் கொடுத்தால் முழு வேலையும் வீண். நோட்டைக் கையில் கொடுக்கும்போது இன்னொரு முறை பெயரைக் கேளுங்கள். சலித்துக்கொள்வார்கள். "ஒரே பெயரில் இன்னொருவர் இருக்கிறார், மாத்திரை மாறிவிடக் கூடாது" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை அவர்களே முந்திக்கொண்டு தெருப் பெயர் சொல்வார்கள். ஒரே பெயர்க்காரர் இருந்தால் இரண்டு நோட்டுகளின் அட்டையிலும் சிவப்பு மையில் "இதே பெயரில் இன்னொருவர் உண்டு" என்று எழுதி வைப்பது நாங்கள் பின்னால் பழகிக்கொண்டது.

இது என் பிடிவாதம் மட்டுமல்ல. 2007ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒன்பது நோயாளி பாதுகாப்புத் தீர்வுகளில் ஒன்று நோயாளியை அடையாளம் காண்பதற்கென்றே எழுதப்பட்டது. குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்கச் சொல்கிறது. அறை எண்ணை அடையாளமாகக் கொள்ளக் கூடாது என்கிறது. நம் டோக்கன் எண்ணுக்கும் அதுவே பொருந்தும். டோக்கனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்கள் தினமும் உண்டு.

இதே தவறுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. தேடிக் கிடைக்காவிட்டால் "புதிதாகப் பதிந்துவிடலாம்" என்று முடித்துவிடுவது. அந்த நிமிடமே ஒருவர் இருவராகிவிடுகிறார். பென்சிலின் ஒவ்வாது என்று எழுதியிருந்த பக்கம் பழைய எண்ணிலேயே தங்கிவிடுகிறது. கர்ப்பிணிகளிடம் இது அடிக்கடி நடக்கும். புகுந்த வீட்டில் இருக்கும்போது கணவரின் இனிஷியலோடு, கர்ப்பிணிகளுக்கான அரசு இணையப் பதிவான பிக்மியில் பதிந்து 12 இலக்க எண் கொடுத்திருப்பார்கள். பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்கு வருவார். இங்கே மேசையில் இருப்பவர் அப்பாவின் இனிஷியலோடு மறுபடி பதிந்துவிடுவார். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கிடைக்க வேண்டிய 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி, பெயரும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகாமல் நின்றுவிடும். பிறப்புப் பதிவுக்கும் அந்த எண்தான் வேண்டும். பச்சிளம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஊர்களுக்கும் அலைவது அந்தப் பெண். "இதற்கு முன் எங்கே பார்த்தீர்கள்? தாய் சேய் நல அட்டை இருக்கிறதா?" என்ற இரண்டு கேள்விகளில் அந்த அலைச்சலைத் தவிர்த்திருக்கலாம்.

## ஊருக்கே கேட்கும்படி "என்ன நோய்?" என்பது

பின்னால் நிற்பவர் அதே தெருக்காரர். அவர் காதில் விழுந்தது மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்பதற்குத் தேவையான அளவு மட்டும், தாழ்ந்த குரலில் கேளுங்கள். தயங்கி நிற்கும் இளம்பெண்ணிடம் "டாக்டரிடமே சொல்லிக்கொள்கிறீர்களா?" என்று கேட்டு அனுப்பிவிடலாம். நம்பிக்கை மையம் (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) எங்கே என்று கேட்பவருக்குக் கையைக் காட்டினால் போதும். அந்தப் பெயரைத் திரும்ப உரக்கச் சொல்ல வேண்டாம். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இல்லாத நோய்களுக்கும் அதே நாக்கடக்கம் வேண்டும்.

தொலைபேசியிலும் அப்படித்தான். "என் மருமகளுக்கு டெஸ்ட் முடிவு என்ன?" என்று அக்கறையோடு கேட்பார்கள். மருமகளையே நேரில் வரச் சொல்லுங்கள்.

## மருந்து சொல்வது

ஒரு பாராசிட்டமால்கூடச் சொல்லாதீர்கள்.

## ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்புவது

செய்யவே கூடாது. 14 இலக்க ஆபா எண்ணும் (மருத்துவப் பதிவுகளுக்கான தேசிய சுகாதாரக் கணக்கு எண்) விருப்பத்தின் பேரில் எடுத்துக்கொள்வதுதான். அட்டை இல்லாதவருக்கும் காய்ச்சல் வரும்.

## "டாக்டர் இல்லை"

எப்போது வருவார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் எழுந்து போய்க் கேட்டு வந்து சொல்லுங்கள். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பவருக்கு அந்தப் பதிலை வைத்துத்தான் நிற்பதா போவதா என்று முடிவு செய்ய முடியும்.

## திறந்து கிடக்கும் பதிவேடு

மூடிவிட்டு எழுந்திருங்கள்.

## மிச்சமிருக்கும் நோட்டுகளை அடுக்கில் திணித்துவிட்டுக் கிளம்புவது

ஓ.பி. முடியும்போது மேசை ஓரத்தில் சில நோட்டுகள் எஞ்சியிருக்கும். பெயர் கூப்பிட்டபோது இல்லாதவர்கள், காத்திருந்து சலித்துப் போனவர்கள், சீட்டு வாங்கிவிட்டு மருத்துவரைப் பார்க்காமலே கிளம்பியவர்கள். புதியவர்கள் அவற்றை அள்ளி அடுக்கில் வைத்துவிட்டுப் பூட்டுகிறார்கள். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டு வையுங்கள். பெரும்பாலானவர்கள் நாளை வந்துவிடுவார்கள். ஆனால் அதில் கர்ப்பிணியின் நோட்டு இருந்தாலோ, அடுத்த ஊசிக்கு வர வேண்டிய நாய்க்கடிக்காரருடையது இருந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று சளிப் பரிசோதனைக்கு வந்தவருடையது இருந்தாலோ நாளைக்குத் தள்ளாதீர்கள். பெயர், கணவர் அல்லது அப்பா பெயர், தெரு மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அந்தப் பகுதியின் சுகாதார செவிலியர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். கைப்பேசி எண்ணையும் எழுதி, அது யாருடைய எண் என்பதைப் பக்கத்திலேயே குறித்துக் கொடுங்கள்.