சித்தப்பா போனில் இடமில்லை: வாட்ஸ்அப் குப்பையை அள்ளுவது எப்படி?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, சித்தப்பா போனை நீட்டிவிட்டார். "பேத்தி ஆடுறதை வீடியோ எடுக்கலாம்னா இடமே இல்லைங்குதுடா. கடையில கேட்டா புதுசு வாங்கிக்கச் சொல்றான்."

64 ஜிபி போன். வாங்கி இரண்டரை வருஷம்தான் ஆகிறது. அவர் கையால் எடுத்த படங்கள் இருநூறு தேறினால் அதிகம். மற்றதெல்லாம் வந்து விழுந்தவை. செவ்வாய்க்கு முருகன், வெள்ளிக்கு அம்மன், சனிக்கு ஆஞ்சநேயர், எல்லாவற்றின் ஓரத்திலும் ஒரு ரோஜாப்பூ, 'இனிய காலை வணக்கம்'. இந்தியாவில் போன்கள் ஏன் இப்படித் திணறுகின்றன என்று தேடிய கூகுள்காரர்களும் கடைசியில் இந்தக் காலை வணக்கப் படங்களில்தான் போய் நின்றார்களாம். 2018 ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகையிலேயே அது செய்தியாக வந்தது.

புது போன் தேவையில்லை. அரை மணி நேரம் போதும். கீழே சொல்வது ஆண்ட்ராய்டு போனுக்கு. மெனுவில் பெயர்கள் ஓரிரு எழுத்து மாறியிருந்தால் பதற வேண்டாம்.

1. முதலில் குழாயை மூடுங்கள்

பெரும்பாலோர் எடுத்த எடுப்பில் அழிக்கத் தொடங்குவார்கள். தொட்டி வழிகிறபோது குழாயை மூடாமல் தரையைத் துடைத்து என்ன பயன்? வாட்ஸ்அப்பைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ், அதில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போங்கள். கீழே 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' என்று மூன்று வரி இருக்கும்: மொபைல் டேட்டாவில், வைஃபையில், ரோமிங்கில். வைஃபை வரியைத் திறந்து பாருங்கள். நாமாக மாற்றியிருக்காவிட்டால் படம், ஆடியோ, வீடியோ, டாக்குமென்ட் நான்குக்கும் டிக் போட்டிருக்கும். அதாவது யார் எதை அனுப்பினாலும் உங்களைக் கேட்காமலே போனில் இறங்கும். மூன்று வரியிலும் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

இனி வரும் படங்கள் மங்கலாகத் தெரியும், நடுவே கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி இருக்கும். வேண்டியதைத் தொட்டால் மட்டும் இறங்கும். பெரியவர்கள் போனில் செய்கிறீர்கள் என்றால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கே, "போன் கண்ணு போயிடுச்சுடா, எல்லாம் மங்கலா தெரியுது" என்று எழுப்பிவிட்டார். குரல் பதிவுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை எப்போதும் போலத் தானாகவே வரும்.

2. படங்களை விடுங்கள், வீடியோவைப் பிடியுங்கள்

இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பும் படம் சுமார் 150 கேபி என்று வையுங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது வந்தாலும் ஏழரை எம்பிதான். வருஷம் முழுக்கச் சேர்ந்தால் 3 ஜிபிகூட இல்லை. ஆனால் ஒரே ஒரு 16 எம்பி வீடியோ, அப்படிப்பட்ட நூறு படங்களின் இடத்தை ஒரே மூச்சில் விழுங்கிவிடும். பிள்ளையார் படத்தை ஒவ்வொன்றாக அழித்துப் பாவத்தைச் சேர்க்க வேண்டியதில்லை.

அதே 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வில் மேலே 'மேனேஜ் ஸ்டோரேஜ்' இருக்கிறது. உள்ளே இரண்டு பெட்டிகள். ஒன்று 5 எம்பிக்கு மேற்பட்டவை. இன்னொன்று பலமுறை ஃபார்வர்ட் ஆனவை. இரண்டாவதை முதலில் திறங்கள். ஊரெல்லாம் சுற்றி வந்த சரக்கு அது. நம் வீட்டுக் கல்யாண வீடியோ அதில் இருக்க வாய்ப்புக் குறைவு. மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிடலாம். 5 எம்பி பெட்டியில் மட்டும் நிதானம் தேவை. பேரன் பேத்தி, வீட்டு விசேஷம் எல்லாம் அங்கேதான் கலந்து கிடக்கும். சித்தப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இது வேணுமா, இது வேணுமா" என்று கேட்டுக் கேட்டு அழித்தேன். மூலிகை வைத்தியம் ஒன்றையும் விட மனசில்லை அவருக்கு. அதே வைத்தியம் நான்கு குரூப்பிலிருந்து நான்கு முறை வந்திருப்பதைக் காட்டிய பிறகுதான் மூன்றுக்குச் சம்மதித்தார்.

அந்தப் பெட்டிகளுக்குக் கீழே, எந்த குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற பட்டியல் அளவு வரிசையில் இருக்கும். முதல் மூன்று பெயரைப் பார்த்தாலே குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

3. தொடக்கூடாத பொத்தான்

போன் செட்டிங்ஸில் ஆப்ஸ், வாட்ஸ்அப், ஸ்டோரேஜ் என்று போனால் 'கிளியர் கேஷ்' என்றும் 'கிளியர் டேட்டா' என்றும் இரண்டு இருக்கும். முதலாவதால் ஆபத்தில்லை. இரண்டாவதைத் தொட்டால் வாட்ஸ்அப் புதிதாகப் போட்டது போல ஆகிவிடும். பேக்கப் எடுத்து வைக்காவிட்டால் பேசியதெல்லாம் போச்சு. அதுபோலவே குரூப்பில் 'கிளியர் சாட்' கொடுப்பதும் அவசரக்காரர்கள் வேலை. படத்தோடு எழுத்தும் குரலும் போய்விடும். இன்று இல்லாத ஒருவரின் குரல் பதிவு அந்த சாட்டில் இருக்கலாம், பார்த்துச் செய்யுங்கள்.

4. கேலரி

செட்டிங்ஸில் 'சாட்ஸ்' உள்ளே 'மீடியா விசிபிலிட்டி' இருக்கிறது. அணைத்தால், இனி இறங்கும் படங்கள் கேலரியில் தெரியாது. இடம் மிச்சமாகாது, கண்ணில் படாது, அவ்வளவுதான். இரண்டையும் ஒன்று என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

கேலரிக்குள் போய் அழிப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அங்கே அழித்த படம் பெரும்பாலான போன்களில் உடனே போவதில்லை. 'டிராஷ்' அல்லது 'பின்' என்ற தொட்டியில் 30 நாள் கிடக்கும், இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். அன்றைக்கே இடம் வேண்டுமென்றால் அந்தத் தொட்டியைத் திறந்து காலி செய்யுங்கள். அதற்கு முன் உள்ளே ஒரு முறை பார்த்துவிடுங்கள். சித்தப்பாவின் தொட்டியில் ஆதார் அட்டைப் படம் கிடந்தது.