ஓக் உத்தரம் வெட்டப்பட்ட ஆண்டை மதிப்பிடுதல்: ஃபெல்லிங்டேட்டர் மென்பொருளுக்கு ஒரு தொடக்கநிலை விளக்கம்

இங்கிலாந்து, பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய நாடுகளின் பழைய வீடுகளிலும் தேவாலயங்களிலும் கூரையைத் தாங்கும் உத்தரங்கள் பெரும்பாலும் ஓக் மரத்தாலானவை. அவற்றின் ஆண்டு வளையங்களின் அகலத்தை அளந்து, காலம் ஏற்கெனவே உறுதியான ஒப்பீட்டு வரிசையோடு பொருத்தினால், மரத்துண்டில் எஞ்சியிருக்கும் கடைசி வளையம் எந்த ஆண்டில் உருவானது என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது மரம் வெட்டப்பட்ட ஆண்டாக இருப்பது அரிது. தச்சர் மரத்தைச் சதுரிக்கும்போது பட்டையோடு வெளி வளையங்கள் சிலவும் போய்விடுகின்றன. மிஞ்சிய வெளிப்பகுதியை வண்டு துளைத்துப் பொடியாக்கிவிடுகிறது. அவ்வாறு இழந்த வளையங்கள் எத்தனை என்பதை நிகழ்தகவின் வழியே மதிப்பிடுவதற்காகவே பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியைச் சேர்ந்த மரவளைய ஆய்வாளர் கிறிஸ்டோஃப் ஹனேகா ஃபெல்லிங்டேட்டர் என்னும் மென்பொருள் தொகுப்பை ஆர் (R) என்னும் புள்ளியியல் நிரல்மொழியில் எழுதினார்.

இதன் அடிப்படை ஓக் மரத்தின் உடற்கூற்றில் இருக்கிறது. தண்டின் உட்புறம் கருமையான வைரக்கட்டையாகவும், பட்டையை ஒட்டிய வெளிப்புறம் வெளிறிய சாற்றுக்கட்டையாகவும் இருக்கும். சாற்றுக்கட்டையின் வளைய எண்ணிக்கை ஒரு பகுதியின் மரங்களில் ஓரளவு வரையறைக்குள் அடங்குகிறது. இங்கிலாந்தின் தென் மாவட்டங்களில் 95 விழுக்காட்டு மரங்களுக்கு அது 9 முதல் 41 வரை என்று கொள்ளப்படுகிறது. ஆகவே வைரமும் சாறும் சந்திக்கும் எல்லை எந்த ஆண்டுக்குரியது என்று தெரிந்தால், வெட்டிய ஆண்டுக்கு ஒரு கீழ்வரம்பும் மேல்வரம்பும் கிடைத்துவிடும்.

படி 1: நிறுவுதல்

ஆர் மொழியையும், அதில் நிரல் எழுதி இயக்க உதவும் ஆர்ஸ்டுடியோவையும் கணினியில் நிறுவிக்கொண்டு, ஆர்ஓபன்சை அமைப்பின் ஆர்-யுனிவர்ஸ் களஞ்சியத்தின் முகவரியைக் கொடுத்து இத்தொகுப்பை இறக்கிக்கொள்ளலாம். கீழே செயற்கூறுகளின், அதாவது மென்பொருளுக்கு இடும் கட்டளைகளின், பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். திரையில் அவற்றை ரோமன் சிற்றெழுத்தில், சொற்களுக்கிடையே அடிக்கோடு இட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும்.

படி 2: அட்டவணை தயாரித்தல்

ஒவ்வோர் உத்தரத்துக்கும் ஒரு வரிசையாக நான்கு பத்திகள் தேவை: மாதிரியின் பெயர் (சீரிஸ்), கடைசி வளையத்தின் ஆண்டு (லாஸ்ட்), எஞ்சியுள்ள சாற்றுக்கட்டை வளையங்களின் எண்ணிக்கை (என் சாப்வுட்), பட்டையோர வளையம், அதாவது பட்டைக்கு அடுத்திருந்த கடைசி வளையம், இருக்கிறதா என்பதற்கான ஆம்-இல்லை மதிப்பு (வேனிஎட்ஜ்). மரவளைய ஆய்வில் வழங்கும் ஹைடல்பெர்க் வடிவக் கோப்பில் அளவீடுகளை வைத்திருப்போர் ரீட் எஃப்ஹெச் என்னும் செயற்கூறால் அவற்றை நேரடியாகப் படிக்கலாம்; மற்றவர்களுக்குச் சாதாரண விரிதாளே போதும்.

மூன்றாம் பத்தியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். சாற்றுக்கட்டை முழுவதும் போய்விட்டது, ஆனால் வைரத்தின் எல்லை தெளிவாகத் தெரிகிறது என்றால் அங்கே 0 இட வேண்டும். எல்லையே தெரியவில்லை, இருப்பது வைரம் மட்டுமே என்றால், மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் என்.ஏ. இட வேண்டும். முதல் நிலையில் இரு வரம்புகளும் உள்ள ஓர் இடைவெளி கிடைக்கும். இரண்டாம் நிலையில், வைர வளையங்களும் எத்தனை போயின என்று தெரியாததால், 'இந்த ஆண்டுக்கு முன் வெட்டப்பட்டிருக்க முடியாது' என்னும் கீழ்வரம்பு மட்டுமே கிடைக்கும். என்.ஏ. இட வேண்டிய இடத்தில் 0 இட்டாலும் மென்பொருள் மறுப்புச் சொல்லாது. அழகான, தவறான வரைபடத்தைத் தந்துவிடும்.

படி 3: சாற்றுக்கட்டைத் தரவைத் தேர்ந்தெடுத்தல்

எஸ்டபிள்யூ (sw) டேட்டா ஓவர்வியூ என்னும் செயற்கூறு, தொகுப்பில் அடங்கிய தரவுத்தொகுதிகளைப் பட்டியலிடும். ஹோல்ஸ்டைன் 1980இல் வெளியிட்ட ஜெர்மானியத் தரவு, வாஸ்னி 1990இல் வெளியிட்ட பால்டிக் தரவு, மைல்ஸ் 1997இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தரவு ஆகியவை அதில் உள்ளன. நீங்கள் எதையும் குறிப்பிடாவிட்டால் மென்பொருள் ஹோல்ஸ்டைன் தரவையே எடுத்துக்கொள்ளும். இந்த வசதியை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. ஐரோப்பாவில் மேற்கிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல ஓக் மரத்தின் சாற்றுக்கட்டை வளையங்கள் குறைகின்றன. அயர்லாந்து மரத்தில் முப்பதை ஒட்டியிருக்கும் எண்ணிக்கை, பால்டிக் மரத்தில் பதினைந்தளவில் நின்றுவிடுகிறது. ஆகவே கட்டடம் நிற்கும் ஊரைப் பார்த்தன்று, மரம் வளர்ந்த இடத்தைப் பார்த்தே தரவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெதர்லாந்து ஓவியர்கள் தீட்டிய பலகைகளில் பல பால்டிக் பகுதியிலிருந்து கப்பலில் வந்த ஓக் என்பதால், அவற்றுக்கு உள்ளூர்த் தரவைப் பயன்படுத்தினால் விடை பல ஆண்டுகள் பின்னோ முன்னோ போய்விடும். மரத்தின் பிறப்பிடத்தைப் பெரும்பாலும் அது எந்த ஒப்பீட்டு வரிசையோடு மிக நன்றாகப் பொருந்துகிறது என்பதிலிருந்தே ஊகிக்கிறார்கள்.

இத்தரவுகள் அனைத்தும் ஓக் மரத்துக்கு உரியவை. நம் வீட்டுத் தேக்கு நிலைக்கோ உத்தரத்துக்கோ இவற்றைப் பொருத்திப் பார்ப்பதில் பொருளில்லை.

படி 4: ஒற்றை உத்தரம்

எஸ்டபிள்யூ இன்டர்வல் என்னும் செயற்கூற்றுக்கு வளைய எண்ணிக்கை, கடைசி ஆண்டு, தரவின் பெயர் ஆகிய மூன்றையும் கொடுக்க வேண்டும். நிகழ்தகவுப் பரவலின் வகையாக லாக்நார்மலும் (மடக்கை எடுத்தால் மணி வடிவம் பெறும் பரவல்), நம்பக அளவாக 95.4 விழுக்காடும் இயல்பாகவே அமைந்திருக்கும். அதை இயக்குமுன் கையால் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. எடுத்துக்காட்டுக்காக, ஒரு தென் இங்கிலாந்து உத்தரத்தின் கடைசி வளையம் 1580, அதில் சாற்றுக்கட்டை வளையங்கள் 12 என்று வைத்துக்கொள்வோம். வைரத்தின் கடைசி வளையம் 1568. அதனோடு 9ஐயும் 41ஐயும் கூட்டினால் 1577, 1609 என்று வரும். ஆனால் 1580இல் அம்மரம் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தது என்பதால் கீழ்வரம்பு 1580 ஆகிவிடுகிறது. மென்பொருளும் இதையே செய்கிறது: பன்னிரண்டுக்குக் குறைவான பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை ஒன்றாகும்படி மறுபடி அளவிடுகிறது. அதனால் மேல்வரம்பு உங்கள் கைக்கணக்கிலிருந்து சற்று விலகலாம். பெரிதும் விலகினால், தரவின் பெயரையும் அட்டவணையையும் திரும்பப் பாருங்கள்.

படி 5: பல உத்தரங்களை இணைத்தல்

ஒரே கூரையின் மரங்கள் ஒரே காலத்தில் வெட்டப்பட்டவை என்று கருத இடமிருந்தால், எஸ்டபிள்யூ கம்பைன் அவற்றின் நிகழ்தகவுகளை ஒன்றோடொன்று பெருக்கி இடைவெளியைக் குறுக்கித் தருகிறது. மேற்கண்ட உத்தரத்தோடு, கடைசி வளையம் 1592ஆகவும் சாற்றுக்கட்டை 20ஆகவும் உள்ள இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வோம். இரண்டாவதன் இடைவெளி 1592 முதல் 1613 வரை. இரண்டுக்கும் பொதுவானது 1592 முதல் 1609 வரை. மூன்றாம் மரத்தில் பட்டையோரம் 1597இல் முடிந்து, அவ்வளையம் முழுமையாகவும் இருந்தால், அது 1597 இலையுதிர்காலத்துக்கும் 1598 வசந்தத்துக்கும் இடையே வெட்டப்பட்டது. மற்ற இரண்டும் அதற்கு ஒத்துவருகின்றன.

இனி நான்காவதாக, கடைசி வளையம் 1540, சாற்றுக்கட்டை 10 என்று ஒரு மரம் கிடைத்தால் என்ன ஆகும்? அதன் இடைவெளி 1540 முதல் 1571 வரை. மற்றவற்றை அது தொடவே இல்லை. மென்பொருள் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் இசைவுக் குறியீட்டைக் கணக்கிட்டு, அது 60 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இசையவில்லை என்று காட்டும். அவ்வாறு காட்டப்பட்ட மரத்தை உடனே நீக்கிவிட்டு மறுபடி இயக்கும் பழக்கம் கூடாது. இடிக்கப்பட்ட பழைய கட்டடத்தின் மரத்தைத் தச்சர்கள் மீண்டும் பயன்படுத்தியது சாதாரண வழக்கம். முன்பு வேறொரு மரம் பொருத்தப்பட்டிருந்த துளைகளோ, இப்போது எதற்கும் பயன்படாத முளைக்குழிகளோ அம்மரத்தில் இருக்கின்றனவா என்று கட்டடத்திலேயே சென்று பார்க்க வேண்டும். இருந்தால் அதைத் தனிக் குழுவாக வைத்து, அதன் காலத்தைத் தனியே அறிவிக்கலாம்.

அறிக்கை எழுதும்போது இடைவெளியை மட்டும் தராமல், எந்தச் சாற்றுக்கட்டைத் தரவு, எந்தப் பரவல், எத்தனை விழுக்காட்டு நம்பகம், எந்த மரங்கள் சேர்க்கப்பட்டன என்பதையும் எழுத வேண்டும். 'கட்டப்பட்ட ஆண்டு' என்று எழுதாமல் 'மரம் வெட்டப்பட்ட காலம்' என்றே குறிப்பிட வேண்டும். ஓக் மரத்தை ஈரம் காயுமுன்பே செதுக்கிப் பொருத்துவதே வழக்கம் என்பதால் இரண்டுக்கும் இடையே பொதுவாக நீண்ட இடைவெளி இருப்பதில்லை என்றாலும், அதை உறுதிசெய்யும் வேலை கட்டடத்தை ஆராய்பவருடையது.