கம்பளி உருண்டை செய்வது எப்படி? (மன்னவனூரில் மகள் கற்றுக்கொண்டு வந்தது)

டிசம்பர் விடுமுறையில் தோழி வீட்டுக்குப் போயிருந்தோம். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை தாண்டி மன்னவனூர், மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை இருக்கிற ஊர். மதியம் பிள்ளைகள் சத்தமே இல்லை. கொல்லையில் போய்ப் பார்த்தால் தோழி மகளும் என் எட்டு வயது மகளும் வாளியைச் சுற்றி உட்கார்ந்து ஈரக் கம்பளியை உருட்டிக்கொண்டிருந்தார்கள். “அம்மா, தைக்கவே இல்ல, பின்னவே இல்ல, தானா ஒட்டிக்குது!”

கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் பட்டால் அவை விரிந்து, தேய்க்கத் தேய்க்க ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். காஷ்மீர் நம்தா விரிப்பும் இப்படித்தான் உருவாகிறது.

வேண்டியவை: கழுவிச் சீவிய ஆட்டுக் கம்பளி 5 கிராம் (பெரிய நெல்லிக்காய் அளவு உருண்டை வரும்), கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், துண்டு சோப்பு. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், நுரை அதிகமானால் இழைகள் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

1. கம்பளியைக் கையால் பிய்க்கவும். கத்தரிக்கோல் படக்கூடாது.

2. ஒரு துணுக்கை இறுக்கிச் சுருட்டி, அதன் மேல் மெல்லிய இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றவும். ஒவ்வொரு இழையும் அதன் வழியே மறுபக்கம் தெரிகிற அளவு மெல்லிசாக இருக்கட்டும்.

3. சோப்பு நீரில் நனைத்து உருட்டவும். வீட்டுக்கு வந்து நாங்கள் செய்த முதல் நான்கும் இங்கேதான் வெடித்தன. லட்டு பிடிக்கிற பழக்கத்தில் கை தானாக அழுத்திவிடுகிறது, உடனே மேலே மடிப்பு விழுந்து அது பிளவாகவே நின்றுவிடும். முதல் ஐந்து நிமிடம் கோழிக்குஞ்சை ஏந்துவது போலத்தான் உருட்ட வேண்டும், மேலே ஒரு தோல் படிந்து உருண்டை கொஞ்சம் சுருங்குவது உள்ளங்கைக்கே தெரியும், அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டலாம். பிளவு தெரிந்தால் உடனே ஒரு மெல்லிய இழையைப் போர்த்தி மறுபடி மென்மையாக உருட்டவும்.

4. கெட்டியானதும் அலசி நிழலில் இரண்டு நாள் காய வைக்கவும்.

பின்சேர்க்கை: “ஒரு மணி நேரம் உருட்டியும் ஒட்டவில்லை” என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கடையில் கம்பளி நூல் என்று விற்பதில் பெரும்பாலானது அக்ரிலிக் என்ற செயற்கை இழை, அதில் செதிலே கிடையாது. பெரியவர்கள் ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தால் கம்பளி, உருகிக் கெட்டியான மணியாக நின்றால் அக்ரிலிக்.