பீக் வந்துச்சு சரி, ஹைட்ரஜன் தண்ணில இருந்துதான் வந்துச்சா?

நானோ துகள (இதுதான் கேட்டலிஸ்ட்) தண்ணில கலக்கி லைட் அடிச்சா ஹைட்ரஜன் வரும், அதுல சந்தேகமே இல்ல, 1972லயே ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு எலக்ட்ரோடு வச்சு செஞ்சு காட்டிட்டாங்க. ஆனா இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்க (நானும் இதுல அடக்கம்) ஜிசில (வாயுக்கள பிரிச்சுக் காட்டற கேஸ் குரோமட்டோகிராஃப் மெஷின்) ஹைட்ரஜன் பீக்க, அதாவது கிராஃப்ல அதுக்கான மேட்ட, பாத்த உடனே துள்ளிக் குதிச்சிடுறோம், அது எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கறதே இல்ல.

முதல்ல சந்தேகப்பட வேண்டிய ஆளு மெத்தனால். லைட் பட்டா துகள்ல எலக்ட்ரான் ஒரு பக்கம், ஹோல் (எலக்ட்ரான் போன காலி இடம்) ஒரு பக்கம்னு பிரியும். எலக்ட்ரான் ஹைட்ரஜன் எடுத்துக் குடுத்துரும், அது சுலபம். ஹோல் தண்ணில இருந்து ஆக்சிஜன் எடுக்கணும், அங்கதான் வண்டி மலையேறாது. அதனால ஹோலுக்குத் தீனியா மெத்தனாலோ ட்ரைஎத்தனாலமைனோ ஊத்துறோம். கேட்டலிஸ்ட்ட சோதிச்சுப் பாக்க இது ஓகே, ஆனா ஹைட்ரஜன் மெத்தனால்ல இருந்தும் வரும், அத போய் வாட்டர் ஸ்ப்ளிட்டிங்னு (தண்ணிய பிரிச்சோம்னு) தலைப்பு வைக்காதீங்க. நெஜமா தண்ணி பிரிஞ்சா 2 பங்கு ஹைட்ரஜனுக்கு 1 பங்கு ஆக்சிஜன் வந்தே ஆகணும். நைட்ரஜன் பீக்கையும் ஒரு பார்வ பாத்துக்கங்க, அது ஏறுச்சுன்னா உங்க ஆக்சிஜன் வெளிக்காத்து லீக்காகி வந்தது.

அடுத்து ப்ளாங்க் (ஏதாவது ஒண்ண வேணும்னே விட்டுட்டுச் செய்யற ஒப்பீட்டுச் சோதனை) போடாம விடுறது. எனக்கு ஒரு தடவ, ஹைட்ரஜன் வர உதவுற பிளாட்டினமே போடாத டைட்டானியம் டை ஆக்சைடு அமோகமா ஹைட்ரஜன் குடுத்துச்சு, ரெண்டு நாள் தலைகால் புரியல, அப்புறம் பாத்தா ஸ்டிர் பார்ல (கரைசல கலக்கற காந்தக் குச்சி) இருந்த கீறல்ல சாம்பல் கலர்ல பழைய பிளாட்டினம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு! ராஜ திராவகத்துல கழுவுனதும் ஹைட்ரஜன் காணாம போச்சு. இருட்டுல ஒண்ணு, கேட்டலிஸ்ட் இல்லாம ஒண்ணு, ரெண்டு ப்ளாங்க்கும் கட்டாயம்.

கிராம் கணக்கு இன்னொரு கூத்து. 1 மில்லிகிராம் போட்டு மணிக்கு 10 மைக்ரோமோல் ஹைட்ரஜன் வந்தா, கிராமுக்கு 10,000னு எழுதிடலாம், பாக்க ஜோரா இருக்கும். 50 மில்லிகிராம் போட்டா 500 வருமா? வராது, விழற ஃபோட்டான் அதே எண்ணிக்கைதானே, ஒரு அளவுக்கு மேல தூள் கூட்டுனா ஒண்ணுக்கொண்ணு நிழல்தான் அடிக்கும். அதனால குவாண்டம் ஈல்டு (விழுந்த ஃபோட்டான்ல எத்தன சதவீதம் வேலைக்கு ஆச்சுங்கற கணக்கு) குடுங்க, எந்த அலைநீளத்துலன்னும் சொல்லுங்க. ஜப்பான்ல 2020ல அலுமினியம் சேர்த்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்ல 350-360 நானோமீட்டர்ல (அது யூவி வெளிச்சம்) 96% கிட்ட வாங்குனாங்க, மலைப்பான விஷயம், ஆனா அதே வகை பொருள 100 சதுர மீட்டர் பேனலா வெயில்ல வச்சப்போ சூரிய சக்தில ஹைட்ரஜனா மாறுனது அதிகபட்சம் 0.76%தான். வெயில்ல யூவி கொஞ்சூண்டுதானே இருக்கு.

சரி கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தையே புடிக்கலாம்னு காட்மியம் சல்ஃபைடு பக்கம் போனா, அதோட பேண்ட் கேப் (எலக்ட்ரான கிளப்பத் தேவையான ஆற்றல்) 2.4 எலக்ட்ரான் வோல்ட், நல்லாவே புடிக்கும், ஆனா தீனி இல்லன்னா ஹோல் அந்த சல்ஃபைடையே தின்னுரும். ஒரு மணி நேர கிராஃப நம்பாதீங்க, அதே தூள வச்சு நாலஞ்சு சைக்கிள் ஓட்டுங்க, கடைசில தண்ணில காட்மியம் கரைஞ்சிருக்கான்னு பாருங்க.

அப்புறம் ஃப்ளாஸ்க்க தொறக்கறப்போ பக்கத்துல ஸ்பார்க் வர்ற எதுவும் வேணாம், காத்துல 4% ஹைட்ரஜன் இருந்தாலே பத்திக்கும்.